கோட்டிங்கன் நேரம்: புவிக் காந்தத்தை எழுதிப் பகிர்ந்த வரலாறு

ஆசிரியப் பெருமக்களும் மாணவச் செல்வங்களும் கூடியுள்ள இவ்வவையில், பேச்சு மேடைக்குப் பெரிதும் வாராத ஒரு பொருளை எடுத்துக்கொண்டுள்ளோம். புவியின் காந்தப் புலத்தை மனிதர் அளந்த வரலாறு பலமுறை சொல்லப்பட்டதுதான். அளந்ததை எந்த வடிவில் எழுதிவைத்தனர், எவ்வாறு ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கினர் என்பதையோ எவரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதைச் சொல்ல முயல்கின்றோம்.

ஜொகூர் பாருவின் கடற்கரைச் சாலையில் நின்று தெற்கே நோக்கினால் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் தெரிகின்றது. இரு கரைகளையும் இணைக்கும் பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. நமது நகரமோ 1855இல் தெமெங்கோங் இப்ராகிம் காலத்தில் தஞ்சோங் புத்ரியில் தோன்றி, 1866இல் அபு பாக்கார் ஆட்சியில் ஜொகூர் பாரு என்னும் பெயரைப் பெற்றது. நகரம் தோன்றுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1841இல், அக்கரையில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் இயங்கத் தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த அக்கூடத்தின் பொறுப்பாளர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்ல்ஸ் மோர்கன் எலியட் என்னும் அலுவலர். 1845 வரை அங்கே இரவும் பகலும் காந்த ஊசியின் அசைவு குறிக்கப்பட்டது.

சிங்கப்பூரில் அமர்ந்து அளந்தவர்கள் சிங்கப்பூர் நேரத்தைப் பின்பற்றவில்லை என்பதே இவ்வரலாற்றில் நம்மை முதலில் நிறுத்தும் செய்தி. அவர்கள் பின்பற்றியது செருமனியின் கோட்டிங்கன் நகரத்து நேரம். கோட்டிங்கனில் நண்பகல் 12 மணி ஆகும்போது சிங்கப்பூரில் கதிரவன் கணக்கின்படி மாலை ஏறத்தாழ ஆறேகால் மணி. தீர்க்கரேகைகளின் வேறுபாட்டைக் கொண்டு மாணவர்களே இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எதற்காக இந்தச் சங்கடம்? கோட்டிங்கனில் கணித மேதை கார்ல் பிரெடரிக் காவுசும் இயற்பியலாளர் வில்லெம் வெபரும் 1836 தொட்டு ஒரு காந்தச் சங்கத்தை நடத்தி வந்தனர். பல நாடுகளிலுள்ள ஆய்வுக்கூடங்கள் குறித்த நாளில், குறித்த மணியில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசியைப் பார்த்து எழுத வேண்டும் என்பது அச்சங்கத்தின் ஏற்பாடு. ஊசி நடுங்குவது ஓர் ஊரின் கோளாறா, உலகம் முழுவதற்கும் பொதுவானதா என்பதை அறிய வேறு வழி இல்லை. எல்லாக் கடிகாரங்களும் ஒரே கணக்கில் ஓடினால்தான் ஒரு தாளை மற்றொரு தாளின் மேல் வைத்து ஒப்பிட முடியும்.

எட்வர்ட் சபைன் முதலியோரின் முயற்சியால் பிரித்தானிய அரசும் இதில் இறங்கியது. டொராண்டோ, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை, ஹோபார்ட் ஆகிய இடங்களில் கூடங்கள் எழுந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்குக்குச் சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்களை ஏற்றுக்கொண்டது. ஒரே வகைக் கருவிகள், ஒரே வகைக் கட்டளைகள், ஒரே வகைக் கட்டங்கள் வரைந்த தாள்கள், ஒரே கடிகாரம். கணினி என்னும் சொல்லே பிறவாத அக்காலத்தில் இதனைக் கோப்பு வடிவம் என்று அழைப்பது மிகையாகாது என்பது நம் கருத்து. எந்தக் கட்டத்தில் எந்த எண் வரும் என்று முன்கூட்டியே உடன்பட்டுக்கொள்வதைத்தானே இன்றும் கோப்பு வடிவம் என்கின்றோம்?

சிங்கப்பூரில் எழுதப்பட்டவை சென்னையில் அச்சேறி 1850இல் நூலாயின. கூடம் மூடப்பட்ட பின்னர் எலியட் கருவிகளைத் தூக்கிக்கொண்டு 1846 முதல் 1849 வரை கீழ்த்திசைத் தீவுகள் எங்கும் அலைந்தார். போர்னியோ, செலிபிஸ், சுமத்ரா, நிக்கோபார், கீலிங் எனப் பல தீவுகளில் அளந்தார். வடக்கே 16 பாகையிலிருந்து தெற்கே 12 பாகை வரை பரந்த அந்த அளவீடு 1851இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்வேட்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். இந்தியாவில் அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர 1854இல் ஷ்லாகின்ட்வைட் உடன்பிறப்புகளைக் கம்பெனி அமர்த்தியது.

இனி, இந்தக் கதையின் தமிழ்ப் பக்கத்துக்கு வருவோம். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். அதன் முதல் பொறுப்பாளர் ஜான் கால்டிகாட். அவரும் சென்னை வானாய்வுக்கூடத்தின் டி. ஜி. டெய்லரும் சேர்ந்து தென்னிந்தியாவில் ஊசியின் சரிவை அளந்து, அது எங்கே தரைக்கு இணையாகப் படுக்கின்றது என்று தேடினர். வடக்கே போகப் போகக் காந்த ஊசியின் வடமுனை தரையை நோக்கிக் கவியும். தெற்கே போகப் போகத் தென்முனை கவியும். இரண்டும் இன்றி ஊசி மட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நிலநடுக்கோடு. அக்கோடு புவியின் நிலநடுக்கோட்டோடு ஒன்றுவதில்லை. நம் பகுதியில் அது வடக்கே ஏறி, தென்தமிழகத்தை ஒட்டியும் மலாய்த் தீவக்குறையின் வட பகுதியை ஒட்டியும் செல்கின்றது. இதனால் ஒரு வேடிக்கை: தேசப்படத்தில் ஜொகூர் வட அரைக்கோளத்தைச் சேர்ந்தது. காந்தக் கணக்கிலோ அது தென் அரைக்கோளத்தைச் சேர்ந்தது. இங்கே ஊசியின் தென்முனைதான் ஏறத்தாழ 13, 14 பாகை கீழே சாய்கின்றது. ஐரோப்பாவுக்கென எடை சரிசெய்து விற்கப்படும் திசைகாட்டியை இங்குள்ள வகுப்பறையில் வைத்தால் ஊசி ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடியை உரசும். கருவி கெட்டுவிட்டதென்று நாமே ஒருமுறை திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டதுண்டு. கெட்டது கருவி அன்று, நம் அறிவுதான்.

கால்டிகாட்டுக்குப் பின்னர் 1852இல் திருவனந்தபுரத்துக்கு வந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் பிரவுன். காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகே, சமவெளியில் ஒரு கருவியும் மலையுச்சியில் ஒரு கருவியும் வைத்தால் நாள்தோறும் நிகழும் ஊசியின் அசைவு உயரத்தோடு மாறுகின்றதா என்று அறியலாம் என அவர் எண்ணினார். அதற்கு அவர் தேர்ந்த உச்சி எது தெரியுமா? அகத்தியமலை. தமிழ் மரபு பொதியில் என்றும் பொதிகை என்றும் போற்றும் அதே மலை. கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரம். யானைகள் உலவும் காடுகளைக் கடந்து, பலகைகளையும் கண்ணாடிக் குழாய்களையும் காந்தச் சட்டங்களையும் சுமைகாரர்கள் தலையில் ஏற்றி, 1855இல் அவ்வுச்சியில் ஒரு கூடத்தை எழுப்பினார். காற்றும் மழையும் குளிரும் மேகமும் அடித்துப் பிடுங்கும் அவ்விடத்தில் உள்ளூர் உதவியாளர்கள் தங்கி, மணிதோறும் ஊசியைப் பார்த்து எழுதினர்.

சிவபெருமான் திருமணத்துக்கு உலகோர் எல்லாம் வடக்கே திரண்டபோது வடபுலம் தாழ்ந்து தென்புலம் உயர்ந்ததாகவும், அதனைச் சமன்செய்ய அகத்தியர் பொதியிலுக்கு அனுப்பப்பட்டதாகவும் நம் புராணக்கதை சொல்லும். கதை கதைதான். ஆயினும், வடக்கும் தெற்கும் சமமாகி ஊசி ஏறத்தாழ மட்டமாக நிற்கும் வட்டாரத்தில் அம்மலை இருப்பதை நினைக்கும்போது ஒரு புன்முறுவல் எழத்தான் செய்கின்றது. பிரவுன் இதை அறிந்திருந்தாரா என்பது வேறு செய்தி.

பிரவுனின் அளவீடுகளின் முதல் தொகுதி 1874இல் இலண்டனில் அச்சாயிற்று. திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் 1852 முதல் 1869 வரை குறிக்கப்பட்ட காந்த விலக்கம் அதில் உள்ளது. முதல் தொகுதி என்று சொன்னோம். இரண்டாம் தொகுதி வரவில்லை. அவர் 1879இல் மறைந்தார். மணிதோறும் எழுதிய கைகள் எத்தனை, அவற்றுள் எத்தனை பக்கம் அச்சுக்குப் போயிற்று என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அளப்பது பாதி வேலைதான் என்பது புலனாகின்றது. மீதிப் பாதி, அடுத்தவர் படிக்கும்படி அதனை ஒப்படைப்பது.

அவ்வாறு ஒப்படைப்பதற்கு ஒரு சுருக்கமான வழியைக் காவுசு 1839இலேயே காட்டியிருந்தார். அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கோப்புகளும் அதன் பிள்ளைகளே.

தம்புராவின் ஒரு நரம்பை மீட்டினால் அது முழு நீளத்திலும் அதிர்கின்றது. அதே வேளையில் இரு பாதிகளாகவும், மூன்று கூறுகளாகவும், நான்கு கூறுகளாகவும் அதிர்கின்றது. காதில் விழும் ஒலி இவை அனைத்தின் கூட்டு. ஒவ்வோர் அதிர்வும் எவ்வளவு வலிமை உடையது என்று எண்களாகச் சொல்லிவிட்டால், அந்த ஒலியை வேறு ஊரில் இருப்பவர் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளலாம். காவுசு செய்ததும் இத்தகையதே. நரம்புக்குப் பதில் ஒரு கோளம். கோளத்தின் மேல் பரவும் அலைவடிவங்களைக் கோளச் சீரிசைகள் என்கின்றோம். முதற்படிக்கு மூன்று எண்கள் போதும். அவை புவிக்குள் ஒரு சட்டக் காந்தம் சற்றுச் சாய்ந்து கிடப்பது போன்ற எளிய புலத்தைத் தரும். இரண்டாம் படிக்கு ஐந்து, மூன்றாம் படிக்கு ஏழு, நான்காம் படிக்கு ஒன்பது. 3, 5, 7, 9 ஆகியவற்றைக் கூட்டினால் 24. இருபத்து நான்கே கெழுக்களைக் கொண்டு காவுசு உலகின் காந்தப் புலத்தை எழுதிக்காட்டினார். ஏழு அகலாங்கு வட்டங்களில், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இடமாக, 84 இடங்களின் மதிப்புகளை வரைபடங்களிலிருந்து எடுத்து அக்கணக்கைச் செய்தார். புலத்தின் பெரும்பகுதி புவியின் உள்ளிருந்தே எழுகின்றது என்பதும் அக்கணக்கால் விளங்கிற்று.

ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல ஓர் எளிய வழி உண்டு. படியின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அதனை வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்தால் மொத்தக் கெழுக்களின் எண்ணிக்கை கிடைக்கும். நான்காம் படிக்கு ஐந்தின் வர்க்கம் 25, ஒன்று போக 24. பதின்மூன்றாம் படிக்கு 14இன் வர்க்கம் 196, ஒன்று போக 195. இந்த 195 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காவுசுக்குப் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு கணக்குப் போட்டனர். சிலர் ஒரு வகையில் அலகு வைத்தனர், சிலர் வேறு வகையில். எலியட் காலத்துப் பிரித்தானிய ஆய்வாளர்கள் புலத்தின் வலிமையை அடி, கிரெயின், நொடி ஆகியவற்றைக் கொண்ட அலகில் எழுதினர். அவ்வலகு ஒன்று இன்றைய கணக்கில் ஏறத்தாழ 4,611 நானோடெஸ்லா. ஜொகூரில் இன்று புலத்தின் மொத்த வலிமை 42,000 நானோடெஸ்லா அளவில் இருக்கின்றது. பழைய புத்தகத்தைத் திறப்பவர் அங்கே ஒன்பது என்று கண்டால் திகைக்கக் கூடாது. அலகு மட்டுமா? கிழக்கு விலகலை நேர்க்குறியாக வைப்பதா, மேற்கு விலகலையா? சீரிசைகளை எந்த முறையில் அளவுபடுத்துவது? அடோல்ஃப் ஷ்மிட் என்னும் செருமானியர் வகுத்த முறையே இன்று பொது வழக்கு. அதனை அறியாமல் வேறு முறையில் கூட்டினால் ஒவ்வோர் எண்ணும் சரியாகவே இருந்தும் விடை தவறாகிவிடும்.

தமிழர்களாகிய நமக்கு இது புதிய துன்பம் அன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒரு தமிழ்க் கோப்பை நண்பருக்கு அனுப்பினால் அவர் திரையில் கூரைக் குறிகளும் கேள்விக்குறிகளுமே வந்து நிற்கும். திஸ்கி என்றும் தாம் என்றும் தாப் என்றும் குறியேற்றங்கள் பல. எழுத்துரு கிடைத்தால் படிக்கலாம், இல்லையேல் அது குப்பை. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலைப் பயன்படுத்திப் பழகிய மூத்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். எண் அழிவதில்லை, எழுத்தும் அழிவதில்லை. இந்த எண் இந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடு அழிந்தால் போதும், எல்லாம் அழிந்ததற்குச் சமம்.

காந்தவியலார் தம் உடன்பாட்டை 1968இல் எட்டினர். பன்னாட்டுப் புவிக்காந்தவியல், வான்வெளியியல் சங்கம் 1965ஆம் ஆண்டுக்குரிய பொது மேற்கோள் மாதிரி ஒன்றை ஏற்றது. எட்டாம் படி வரை 80 கெழுக்கள். கணினியில் துளையட்டைகளை அடுக்கிக் கொடுத்த காலம் அது. பின்னர் அது பத்தாம் படிக்கு உயர்ந்து 120 ஆயிற்று. 2000ஆம் ஆண்டு முதல் பதின்மூன்றாம் படி. அதாவது, முன்னே சொன்ன 195. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அம்மாதிரியின் பதினான்காம் பதிப்பு 2024 நவம்பரில் ஏற்கப்பட்டது. பல நாட்டுக் குழுக்கள் தத்தம் கணக்கை முன்வைக்கின்றன. அவற்றை ஒப்பிட்டு ஒன்றாக்குகின்றனர். யாருக்கும் காசு இல்லை, கட்டுப்பாடு இல்லை. எவரும் இறக்கிக்கொள்ளலாம்.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். படம் இல்லை, வண்ணம் இல்லை. வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கெழுவின் வகை, படி, வரிசை. பிறகு 1900, 1905, 1910 என ஐந்தாண்டுக்கு ஒரு பத்தி. இறுதிப் பத்தியில் ஆண்டுக்கு எவ்வளவு மாறும் என்னும் முன்கணிப்பு. 195 வரிகளில் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளின் புவிக் காந்தம் அடங்கிக் கிடக்கின்றது. முதல் வரியில் மட்டும் கண்ணை ஓட்டினாலே ஒரு வரலாறு தெரியும். 1900இல் எதிர்க்குறியோடு 31,543. 2000இல் எதிர்க்குறியோடு 29,619.4. புவியின் பெருங்காந்தம் ஒரு நூற்றாண்டில் அவ்வளவு தளர்ந்திருக்கின்றது. காவுசின் காலத்திலிருந்து கணக்கிட்டால் தளர்ச்சி ஏறத்தாழ 9 விழுக்காடு. மாணவர் ஒருவர் தொலைநோக்கியும் இன்றி, ஆய்வகமும் இன்றி, ஒரு வரியைப் படித்து இதனைக் கண்டுகொள்ளலாம்.

இதன் உடன்பிறப்பு போன்றது உலகக் காந்த மாதிரி. அமெரிக்க, பிரித்தானிய அமைப்புகள் கூடிச் செய்வது. கப்பல்களும் வானூர்திகளும் பயன்படுத்துவது. நம் கைப்பேசியின் திசைகாட்டி உண்மை வடக்கைக் காட்டுவதற்கும் இதுவே அடிப்படை. பன்னிரண்டாம் படி வரை 168 கெழுக்கள், 90 வரிகளில். முதல் வரியில் ஆண்டும் பெயரும் வெளியிட்ட நாளும் இருக்கும். கடைசியில் ஒன்பதுகளால் மட்டுமே ஆன வரி வரும். கோப்பு முடிந்தது என்று கணினிக்குச் சொல்லும் அடையாளம் அது. நம் முன்னோர் ஓலைச்சுவடியின் இறுதியில் ‘முற்றும்’ என்று எழுதியதை இது நினைவூட்டுகின்றது. ஆய்வுக்கூடங்கள் நாள்தோறும் அனுப்பும் அளவீடுகளுக்கான பொது வடிவம் ஒன்றும் உண்டு. அதிலும் ஒன்பதுகள் வரும், வேறு பொருளில். ஏதேனும் ஒரு நிமிடத்தில் கருவி பழுதாகி அளவீடு இல்லாமற் போனால் அவ்விடத்தில் 99999 என்று எழுத வேண்டும். அக்கூடம் அளக்கவே செய்யாத கூறாக இருந்தால் 88888. இல்லாததையும் வகைப்படுத்திச் சொல்லும் இந்த நேர்மை நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. வெற்றிடத்தைச் சுழியம் என்று எழுதிவிட்டால் பின்னால் வருபவர் அங்கே காந்தமே இல்லை என்று எண்ணிவிடுவார் அல்லவா?

மாதிரிகளுக்கு ஆயுள் ஐந்தாண்டு என்று சொன்னோம். புவி அதற்குக் கட்டுப்படுவதில்லை. 2015ஆம் ஆண்டுக்குரிய உலகக் காந்த மாதிரி 2019 இறுதி வரை தாங்கும் என்று எண்ணியிருந்தனர். வட காந்த முனை கனடாவிலிருந்து சைபீரியாவை நோக்கி விரைந்து நகர்ந்ததால், வட துருவ வட்டாரத்தில் பிழை வரம்பை மீறியது. 2019 சனவரியில் இடைக்காலத் திருத்தம் வெளிவரவிருந்தது. அந்நேரம் அமெரிக்க அரசின் அலுவலகங்கள் நிதி ஒப்புதல் இன்றி மூடிக் கிடந்தன. திருத்தம் பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. உருகிய இரும்பு புவிக்குள் ஓடிக்கொண்டிருக்க, அதன் கணக்கு மேலே ஓர் அலுவலகக் கதவு திறக்கக் காத்திருந்தது.

செயற்கைக்கோள்கள் வந்த பிறகு ஐந்தாண்டு இடைவெளியே நீளமாகிவிட்டது. 1999இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட், 2000இல் செருமனியின் சாம்ப், 2013இல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் சுவார்ம் என்னும் மூன்று கோள்கள். புலம் காலத்தோடு வளைந்து வளைந்து மாறுவதை எழுத, கெழுக்களுடன் கால முடிச்சுகளையும் சேர்த்துச் சொல்லும் புதிய வடிவம் தேவைப்பட்டது. சுவார்ம் குழுவினர் வழங்கும் அவ்வடிவத்தில் தொடக்கத்தில் விளக்கக் குறிப்புகள், பிறகு படி எல்லைகளையும் காலங்களின் எண்ணிக்கையையும் சொல்லும் ஒரே வரி, அதன்பின் எண்கள். ஜி, எச் என்று இரு வகைக் கெழுக்கள் உண்டு என்பது அறிந்ததே. இவ்வடிவத்தில் அவ்வெழுத்துகள் இல்லை. வரிசை எண்ணுக்கு முன் எதிர்க்குறி வந்தால் அது எச் வகை என்று பொருள். இதனை நாம் கவனியாமல், நிரல் எழுதும்போது குறியைத் தட்டிவிட்டோம். எச் வகை எண்கள் ஜி வகை எண்களின் இடத்தில் போய் அமர்ந்தன. விளைவு, ஜொகூர் பாருவின் திசைகாட்டி வடக்கை மறந்து எங்கோ நோக்கிற்று. இங்கே விலக்கம் ஒரு பாகைக்கும் குறைவு என்பது தெரிந்திருந்ததால் பிழை பிடிபட்டது. தெரியாத ஊராக இருந்திருந்தால் அந்த விடையை நம்பியிருப்போம்.

காந்த நிலநடுக்கோட்டு வட்டாரத்து அளவீடுகளுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. தொடக்ககாலச் செயற்கைக்கோள்கள் புலத்தின் வலிமையை மட்டுமே அளந்தன, திசையை அளக்கவில்லை. உலகெங்கும் வலிமை துல்லியமாகத் தெரிந்தாலும் புலத்தை ஐயமின்றி வரையறுக்க இயலாது என்று 1970இல் ஜார்ஜ் பாக்கஸ் காட்டினார். அப்படிச் செய்த மாதிரிகளில் மிகுதியான பிழை காந்த நிலநடுக்கோட்டை ஒட்டியே விழுந்தது. அந்தக் கோடு எங்கே ஓடுகின்றது என்பது மட்டும் கூடுதலாகத் தெரிந்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்பதைக் கணிதவியலார் 1997இல் நிறுவினர். டெய்லரும் கால்டிகாட்டும் மாட்டுவண்டிக் காலத்தில் தென்னாட்டில் தேடித் திரிந்த அதே கோடு!

அக்கோட்டின் மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் ஆறு போல ஓடுகின்றது. அதனைக் கண்காணிக்க 1957இல் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி அண்ணாமலைநகரிலும் திருவனந்தபுரத்திலும் காந்தக் கூடங்கள் தொடங்கப்பெற்றன. 1963 நவம்பரில் இந்தியா தன் முதல் ஆய்வு ஏவூர்தியைத் தும்பாவிலிருந்து ஏவியதும் அவ்வூர் காந்த நிலநடுக்கோட்டை ஒட்டி இருந்ததனாலேயே. நம் நாட்டில் லங்காவியில் சப்பானின் கியூஷூ பல்கலைக்கழகம் வைத்துள்ள கருவியும் அந்த மின்னாற்றையே நோக்கிக்கொண்டிருக்கின்றது.

பழைய தாள்களின் கதை இன்னும் முடியவில்லை. ஜாக்சன், யோங்கர்ஸ், வாக்கர் என்னும் மூவர், கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளையும் பழைய அளவீட்டு நூல்களையும் திரட்டி, 1590 முதல் 1990 வரை நானூறு ஆண்டுகளுக்கான மாதிரி ஒன்றை 2000இல் வெளியிட்டனர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் குறிப்பேடுகளும் அவற்றுள் அடங்கும். பதினான்காம் படி வரை 224 கெழுக்கள், ஒவ்வொன்றுக்கும் 163 காலக் கூறுகள். ஆனால், அதில் ஓர் இடறல் உண்டு. புலத்தின் வலிமையை முழு அளவில் அளக்கும் முறையைக் காவுசு கண்டது 1832இல். அதற்கு முந்திய மாலுமிகள் திசையை மட்டுமே எழுதினர். ஆதலால், 1840க்கு முன் பெருங்காந்தம் ஆண்டுக்கு 15 நானோடெஸ்லா வீதம் மாறியதென்று ஓர் ஊகத்தை வைத்தே அவர்கள் கணக்கை முடித்தனர். ஊகம் என்று வெளிப்படையாகச் சொல்லி வைத்தனர். அதனால்தான் பின்வந்தவர்கள் அதனை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்க்க முடிகின்றது.

எலியட்டின் சிங்கப்பூர் நூலைப் போன்ற பழைய அளவீட்டு நூல்களுள் ஒன்றைப் படவடிவில் எவரேனும் திறந்தால், பக்கம் பக்கமாக எண்கள் நிற்கக் காண்பார். படம் கணினிக்கு எண் ஆகாது. ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் தட்டெழுத வேண்டும். எண்ணின் பக்கத்தில் அதன் அலகை எழுத வேண்டும். கோட்டிங்கன் மணியிலிருந்து நாற்பது நிமிடத்தைக் கழித்துக் கிரீனிச் மணியாக்க வேண்டும். மை பரவிப் படிக்க முடியாத இடத்தில் தோன்றியதை எழுதாமல் ஒன்பதுகளை இட வேண்டும். நம் இடைநிலைப்பள்ளி மாணவர் எவரும் செய்யக்கூடிய வேலை அது. ஒரு மாதத்தின் பக்கங்களை ஒரு வகுப்பு பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே தட்டெழுதி ஒப்பிட வேண்டும் என்பது மட்டும் விதி. விருப்பமுள்ள ஆசிரியர்கள் உரை முடிந்தபின் மேடைக்கருகே வந்தால், தாளில் கட்டங்களை வரைந்து எந்தக் கட்டத்தில் எது வரும் என்பதைக் காட்டுகின்றோம்.